மேட்டு லைனுக்கு ஓர் ஆடி அழைப்பு

எருத்தேன்பதி
2.5.2025

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா சந்தனம் அவர்களுக்கு,

முத்தாத்தாள் எழுதுவது. இங்கே முழங்கால்கள் இரண்டைத் தவிர மற்ற உறுப்புகள் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. உங்கள் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தாமல் எடுத்துக்கொள்கிறீர்களா, அல்லது குறைந்தவுடன் மூட்டை கட்டி வைத்துவிட்டீர்களா?

உங்கள் இளைய மகன் லோகேஷின் கல்யாணத்துக்கு நான் வராததற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உங்கள் மூத்த மகன் வேல்முருகன் என் மகள் ஜீவிதாவுக்குத் தாலி கட்டிய அதே கோயில் வாசலில், அவர்கள் இருவரும் இல்லாமல், மூன்று வருடம் கழித்து வந்து நின்று அட்சதை போட என்னால் ஆகாது. புதுப்பெண்ணுக்கு அனுப்பிய புடவை வந்து சேர்ந்ததா?

எழுத வந்த காரணம் வேறு. உங்கள் எஸ்டேட்டில் 'அனுஸ்மரண சமிதி' என்று ஒன்று முளைத்திருக்கிறதாம். வரும் ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, மூன்றாம் ஆண்டு நினைவு நாளில், அது ஒரு நினைவுக்கல் திறக்கப் போகிறதாம். இறந்தவளின் தாய் என்ற வகையில், கல்லில் வெட்டவிருக்கும் வாசகத்தின் நகல் எனக்கும் வந்திருக்கிறது. "இயற்கையின் சீற்றத்தால் எங்களை விட்டுப் பிரிந்த பத்தொன்பது சகோதர சகோதரிகளுக்கு."

முப்பத்தோரு வருடம் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். கல்லில் பொய் வெட்டுவது அரசர்களுக்கு மட்டும் உரிய சலுகை என்று நினைத்திருந்தேன். விட்டுப் பிரிந்தார்களாம், பஸ் ஏறிப் போனதைப் போல! மேட்டு லைன் வீடுகளுக்கு மேலே மண் வெடித்திருக்கிறது என்று ஆகஸ்ட் இரண்டாம் தேதி நீங்கள் எல்லோரும் கம்பெனியில் போய்ச் சொன்னீர்கள். ஒருவரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாம் தேதி காலை ஐந்தரை மணிக்கு அந்த மண் இறங்கி வந்தது. இதில் இயற்கை எங்கே சீறியது?

அந்த வாசகத்தை மாற்றாமல் கல்லைத் திறக்க விடமாட்டேன். அங்கிருந்து உங்களால் என்ன செய்ய முடியும் என்று எழுதுங்கள். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். அன்றிலிருந்து நான் அதை எடுப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
முத்தாத்தாள்

*

மேட்டு லைன், மூன்றாம் நம்பர்
நெட்டிப்பாறை எஸ்டேட், சின்னக்கானல் வழி
19.5.2025

அன்பும் படிப்பும் நிறைந்த டீச்சரம்மாவுக்கு சந்தனம் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகனும் மருமகளும் சுகம். உங்கள் சுகத்தையும் மாரியம்மாளிடம் கேட்டுக்கொள்கிறேன். முழங்காலுக்கு நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்க்கவும்.

புடவை வந்தது. சங்கரி இன்னும் உடுத்தவில்லை. "பெரிய இடத்துச் சேலை அத்தே, இதக் கட்டிக்கிட்டு கொழுந்தா எடுக்க?" என்று மடித்து வைத்திருக்கிறாள்.

மேலே விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உருள் பொட்டி மலை சரிந்ததிலிருந்து மூன்று வருடம் பழைய பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் இருந்தோம். அதை ரிசார்ட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மேட்டு லைனில் அன்றைக்கு மண் மூடாமல் நின்ற நாலு வீட்டுக்கு வெள்ளை அடித்து, தகரம் மாற்றி, சித்திரைக் கடைசியில் எங்களை அங்கே ஏற்றிவிட்டார்கள். எங்களுக்கு மூன்றாவது வீடு. பின்வாசலைத் திறந்தால் அந்தச் சரிவுதான். புல் முளைத்து மூடிவிட்டது. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அழகாகத்தான் இருக்கும். சங்கரி பின்வாசலைத் திறப்பதே இல்லை.

அந்தப் பிள்ளைக்குத் தாய் தகப்பன் இல்லை. திருப்பூரில் ஒரு அண்ணன் உண்டு. அண்ணிக்காரி கல்யாணத்துக்கே வரவில்லை. போக்கிடம் என்று அவளுக்கு ஒன்றும் கிடையாது.

கல்லில் என்ன எழுதுவது என்று எனக்கு என்ன தெரியும்? கமிட்டியில் பேசுகிறவர்கள் சொந்த வீடு இருக்கிறவர்கள். நாங்கள் கம்பெனி வீட்டில் இருக்கிறவர்கள். இந்த வருடம் மழை முன்னாலேயே வந்துவிட்டது.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
சந்தனம்

*

எருத்தேன்பதி
27.5.2025

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

எண்ணெய் தேய்த்தேன். படுக்கை விரிப்பு பாழானதைத் தவிர வேறு பலன் இல்லை. உங்கள் மூவரின் நலமும் அறிந்தேன். கொட்டகையிலிருந்து ஒருவழியாக வீட்டுக்கு மாற்றியதில் மகிழ்ச்சி. மனிதர்களை மூன்று வருடம் கொட்டகையில் வைத்திருந்ததே அக்கிரமம்.

கல்லில் வெட்ட வேண்டியதை எழுதிவிட்டேன்: "மலையில் வெடிப்பு இருப்பதாக 2022 ஆகஸ்ட் 2 அன்று தொழிலாளர்கள் முறையிட்டனர். மூன்று நாட்கள் எவரும் எதுவும் செய்யவில்லை. ஆகஸ்ட் 5 காலை பத்தொன்பது பேர் கொல்லப்பட்டனர்." 'கொல்லப்பட்டனர்' என்பதைச் சமிதி மாற்றச் சொல்லும். மாற்ற மாட்டேன்.

இதற்கு எனக்குச் சான்று வேண்டும். வெடிப்பு இருக்கிறது என்பது ஐந்தாம் தேதிக்கு முன்பு யார் யாருக்குத் தெரியும்? யார் பார்த்தது, யார் யாரிடம் சொன்னது, கேட்டவர் என்ன பதில் சொன்னார்? ஒருவர் விடாமல் பெயர் போட்டு எழுதுங்கள்.

ஒவ்வோர் ஆகஸ்ட் ஐந்தும் எனக்கு எப்படிப் போகிறது என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. முதல் வருடம் தோப்பில் இருந்த காய்ந்த மட்டை முழுவதையும் ஒரே நாளில் வெட்டிக் கொளுத்தச் சொன்னேன். இரண்டாம் வருடம், முப்பது வருடமாகத் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் குப்பண்ணனை, தண்ணீர் மடையை மாற்றிவிட்டார் என்பதற்காக வேலையைவிட்டு நிறுத்தினேன். மறுநாள் அவர் எதுவும் நடக்காதது போல வந்து மோட்டாரைப் போட்டார். துக்கம் என்பது கண்ணீராக வரும் என்று சொன்னவர்களை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது. அதை இந்த வருடமாவது உருப்படியாகச் செலவழிக்கலாம் என்றிருக்கிறேன்.

பட்டியலை விரைவில் அனுப்புங்கள். மழையில் நனைய வேண்டாம்.
முத்தாத்தாள்

*

மேட்டு லைன்
20.6.2025

டீச்சரம்மாவுக்கு சந்தனம் எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். உங்களுக்கு எந்தக் குறையும் வராமல் இருக்க வேண்டும். பதில் எழுத நாளாகிவிட்டது. மூச்சிரைப்பு கொஞ்சம் அதிகம்.

நீங்கள் கேட்ட பட்டியலைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பதினாலு பேர். மேனேஜர் முதல் பெயர். ஃபீல்டு ஆபீசர் டிஜோ இரண்டாவது. அவர்தான் இப்போது கமிட்டிக்கு எல்லாம். நாங்கள் சொன்ன அன்றைக்குச் சாயங்காலம் பைக்கில் வந்து, ரோட்டிலேயே நின்று மேலே பார்த்துவிட்டு, "மழை நின்னா நோக்காம்" என்று போனார். மழை நின்றால் பார்க்கலாமாம். பிறகு சூப்பர்வைசர்கள் இரண்டு பேர், பஞ்சாயத்து மெம்பர், மற்றவர்கள் வெடிப்பைப் பார்த்த எங்கள் ஆட்கள். இறந்துபோனவர்களை எழுதவில்லை.

எனக்கு அந்த நாள் எப்படிப் போகும் என்று நீங்களும் கேட்டதில்லை. மண் வந்த அன்று ஆடி வெள்ளி. விடியுமுன்னே நானும் லோகேசும் கோயிலுக்குக் கூழ்ப்பானை தூக்கிப் போனதால் உயிரோடு இருக்கிறோம். வேலு ராத்திரி டூட்டி முடிந்து வந்து படுத்திருந்தான், ஜீவிதா அவனுக்குச் சமைக்க நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு நான் கூழ் ஊற்றவில்லை. மாரியம்மாளைக் கும்பிடுகிறேன், பேச்சு வார்த்தை இல்லை.

ஆனி பிறந்துவிட்டது. அடுத்தது ஆடி. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பொம்பளைகள் சங்கரியைக் கேலி செய்கிறார்கள்.

"ஏ புள்ள, மொத ஆடிக்கு எந்த ஊருப் பக்கம்?"

"எனக்கேது ஊரு? மேட்டு லைனு மூணாம் நம்பருதேன் எங்க ஊரு."

"அப்ப லோகேசு பாடு கொண்டாட்டந்தேன்னு சொல்லு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புதுப்பெண் ஆடிக்குத் தாய்வீடு போனால் சூப்பர்வைசர் பேரை வெட்ட மாட்டார், வீட்டையும் கேட்க மாட்டார்கள். அது இங்கே தாத்தா காலத்து முறை. பயமாக இருக்கிறது என்று சொல்லிப் போனால் பேரும் போகும், வீடும் போகும். எங்கள் நாலு வீட்டிலும் புதுப்பெண் இவள் ஒருத்திதான்.

பின்பக்கத்து ஓடையில் தண்ணீர் சிவப்பாக வருகிறது.

சந்தனம்

*

எருத்தேன்பதி
1.7.2025

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

மூச்சிரைப்புக்கு எஸ்டேட் டிஸ்பென்சரியை நம்ப வேண்டாம். மூணாறு போய்க் காட்டுங்கள். பட்டியல் கிடைத்தது. ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள், என் மாணவர்கள் பலர் இப்படி எழுதியதில்லை. நகல் எடுத்துக் கலெக்டருக்கும் தாசில்தாருக்கும் அனுப்பிவிட்டேன்.

அதன் விளைவு நேற்று நேரிலேயே வந்தது. முற்பகலில் குப்பண்ணன் வந்து, "ஏனுங்க டீச்சரம்மா, மலையிலிருந்து ஆரோ ஆபீசருங்க வந்துருக்கறாருங்க. கையில பெரிய சுருளு வெச்சுருக்கறாருங்க" என்றார். உங்கள் டிஜோதான். திருமண வீட்டுக்கு வந்தவரைப் போலச் சிரித்தபடி சுருளைப் பிரித்தார். பிளெக்ஸ். பத்தொன்பது முகங்கள், நடுவில் ஒரு மெழுகுவர்த்தி, மூலையில் கம்பெனியின் முத்திரை.

"டீச்சரே, கல்லு கொத்தி முடிஞ்சு. இனி மாத்த முடியாது கேட்டோ. மோளோட போட்டோ எத்தர நல்லா வந்திருக்கு, பாருங்க."

"ரெண்டாயிரத்து இருவத்திரண்டு ஆகஸ்ட் ரெண்டாந் தேதி சாயங்காலம் நீங்க எங்க இருந்தீங்க?"

"ஞானோ? அன்னிக்கு லீவு."

"அப்பறம் பைக்குல வந்து ரோட்டுலயே நின்னு பாத்துப்போட்டுப் போனது ஆரு? உங்க அண்ணனா?"

அவர் பிளெக்ஸைச் சுருட்டத் தொடங்கினார். குப்பண்ணன் அரிவாளோடு நின்றுகொண்டு, "எளநி வெட்டட்டுங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எங்கள் தோப்புக்கு வந்து இளநீர் குடிக்காமல் திரும்பிய முதல் மனிதர் அவர்தான்.

எனவே கல் மாறாது என்று தெரிகிறது. மாறாவிட்டால் அந்த மேடையில் யாராவது பட்டியலை வாசிக்க வேண்டும். யோசியுங்கள்.

ஆடியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தீர்கள். அந்தச் சடங்கைப் பற்றிய என் கருத்தை மூன்று வருடத்துக்கு முன்பே உங்களுக்கு எழுதியிருக்கிறேன். மாற்றிக்கொள்ளக் காரணம் எதுவும் இல்லை.

லோகேஷுக்கும் பெண்ணுக்கும் என் ஆசிகள்.
முத்தாத்தாள்

*

மேட்டு லைன்
5.7.2025

சம்பந்திக்கு சந்தனம் எழுதுவது. சுகம் கேட்கிற மனம் இன்றைக்கு இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு நீங்கள் எழுதினது என்னிடம் இருக்கிறது. முதல் ஆடி, முறைப்படி வந்து மகளை அழைத்துக்கொண்டு போங்கள் என்று நான் கேட்டு எழுதினதற்கு வந்த பதில். மண்ணுக்குள் போகாமல் மிச்சமான என் தகரப் பெட்டியில் கிடந்தது. "என் மகள் என் வீட்டுக்கு வரப் பஞ்சாங்கத்தின் அனுமதி வேண்டியதில்லை. கதவு திறந்திருக்கிறது. அழைப்பு வராது." அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன், ஒரு எழுத்து மாற்றவில்லை.

மண் வெடித்ததைச் சொன்னதற்கு மறுநாள், ஆடிப்பெருக்கு. ஜீவிதா கோயில் பாறையில் ஏறி உங்களுக்குப் போன் போட்டாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். கொட்டுகிற மழை. குடை பிடித்து நின்றது நான். மழைச் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அம்மா, மேல மண்ணு வெடிச்சிருக்குது. எனக்குப் பயமா இருக்குதும்மா. அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா, ஆடிக்கு அனுப்புங்கன்னு."

"பயமா இருந்தா பயமா இருக்குதுன்னு சொல்லிப்போட்டு வா கண்ணு. ஆடிங்கற பொய்ய எதுக்கு எம்பட வாயில சொல்லச் சொல்ற?"

நீங்கள் சொன்னது இது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "போயிட்டு வா தாயி" என்று அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா? "கூப்பிடாத வீட்டுக்கு எம் மருமகள அனுப்ப எனக்கென்ன மானம் இல்லையா?" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே குடையை வாங்கிக்கொண்டாள். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி அத்தே" என்றாள்.

மூன்று வருடம் இதை எழுதவில்லை. உங்கள் பாதியை எழுதினால் என் பாதியையும் எழுத வேண்டும். ஒருவர் விடாமல் எழுதச் சொன்னீர்கள். பதினாலு பேர் எழுதினேன். இரண்டு பேர் குறைகிறது.

இப்போது அதே வரிசையில், அதே மேட்டுக்குக் கீழே இன்னொரு பிள்ளை இருக்கிறது. இரண்டு கடுதாசியில் சொல்லிப் பார்த்தேன். வீடு மாறினதில் மகிழ்ச்சி என்று எழுதினீர்கள். நான் கேட்க மாட்டேன். ஒரு தடவை கேட்டாயிற்று.

சந்தனம்

*

எருத்தேன்பதி
12.7.2025

சந்தனம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் எட்டாம் தேதி வந்தது. நான்கு நாட்கள் உங்கள்மேல் அடங்காத கோபத்தில் இருந்தேன். தெரிந்துகொண்டே மூன்று வருடம் எனக்கு 'அன்பும் படிப்பும் நிறைந்த' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொலைபேசிப் பேச்சை நான் உங்களிடம் மறைப்பதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு கடிதத்தையும் மூன்று முறை படித்துப் பார்த்தே உறையில் போட்டேன். என்னைவிடப் பொறுமையாக ஒருவர் என்னை ஏமாற்ற முடியும் என்று எனக்குத் தெரியாது.

நான் அவளிடம் சொன்னது தர்க்கப்படி இன்றைக்கும் சரிதான். பயப்படுகிற பெண் பயத்தைச் சொல்லிவிட்டு வர வேண்டும். வரவிடுகிற உலகமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட உலகம் நெட்டிப்பாறையில் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் ஒரு பொய்யைக் கேட்டாள். என் வாழ்நாளில் அவள் என்னிடம் கேட்ட ஒரே பொய். அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் இனி என்ன செய்ய?

உங்கள் இரண்டு கடிதங்களையும் எடுத்துத் திரும்பப் படித்தேன். பின்வாசல், புல், சிவப்புத் தண்ணீர், போக்கிடம் இல்லாத பெண். எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த எவருக்கும் புரிந்திருக்கும்.

கீழே உள்ளதை நீங்கள் சூப்பர்வைசரிடம் காட்டலாம்:

"நெட்டிப்பாறை எஸ்டேட் மேட்டு லைன் சந்தனம் அவர்களின் மருமகள் சௌபாக்கியவதி சிவசங்கரியை, முதல் ஆடியை முன்னிட்டு, தாய்வீட்டு முறையில் எருத்தேன்பதிக்கு அழைத்துச் செல்ல, ஆடி முதல் தேதி வியாழக்கிழமை நேரில் வருகிறேன். இப்படிக்கு, தாய் ஸ்தானத்தில், முத்தாத்தாள்."

தாம்பாளத்தில் என்ன வைப்பது என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் சமைக்கும் காளியாத்தாளைக் கேட்டேன். "இப்பவாச்சும் கேட்டீங்களே" என்றாள். அவளுக்கும் என்னைச் சொல்ல உரிமை வந்துவிட்டது. சொல்லட்டும்.

கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குத்தான் வருவேன். எல்லோரும் பார்க்க வேண்டும்.

முத்தாத்தாள்

*

எருத்தேன்பதி
26.7.2025

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் மருமகள் நலம். என் முழங்கால்கள் அந்த நிறுவைக் கொட்டகையின் படிகளை இன்னும் மன்னிக்கவில்லை. நான் தாம்பாளத்தோடு நின்றபோது அந்தப் பெண்கள் போட்ட குலவைச் சத்தத்தில் சூப்பர்வைசர் லீவுச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார்; அதை மட்டும் ரசித்தேன்.

சிவசங்கரி வந்த முதல் மூன்று நாளும் பகலெல்லாம் தூங்கினாள். உடம்பு சரியில்லையோ என்று பயந்து எழுப்பினால், "ஒண்ணுமில்ல டீச்சரம்மா, ரெண்டு மாசத் தூக்கம்" என்றாள். நீங்கள் மூவரும் அந்த வீட்டில் முறை வைத்து விழித்திருந்தீர்களாம். அவள்தான் சொன்னாள். உங்கள் கடிதங்களில் இல்லாதது இன்னும் எவ்வளவு இருக்கிறது?

நான்காம் நாள் எழுந்து காளியாத்தாளோடு சண்டை போட்டாள், குழம்பில் தேங்காய் அதிகமாம். தென்னந்தோப்புக்குள் உட்கார்ந்துகொண்டு இந்தப் புகார். பிழைத்துக்கொள்வாள்.

ஆடிப்பெருக்குக்கு லோகேஷ் விருந்துக்கு வர வேண்டும். புது மாப்பிள்ளை, முறை இருக்கிறது, லீவு கொடுத்தாக வேண்டும். வந்தால் ஒரு வாரமாவது நிறுத்தி வைக்கப் பார்க்கிறேன்.

ஆனால் உங்களை அழைக்கச் சடங்கு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. காளியாத்தாளிடமும் கேட்டுவிட்டேன். சம்பந்தியை ஆடிக்கு அழைக்கிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லையாம்.

நினைவு நாளுக்கு நான் வரவில்லை. அந்தக் கல்லைக் கண்ணால் பார்த்தால் கையில் சுத்தியல் தேடுவேன். பட்டியலைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். பதினைந்தாவது சந்தனம். பதினாறாவது முத்தாத்தாள். அதை மேடையில் வாசியுங்கள் என்று முன்பு எழுதினேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். வாசித்தால் வீட்டை இழப்பவர் நீங்கள். எனக்கு இழக்க அங்கே எதுவும் இல்லை.

மருந்தை விடாதீர்கள்.
முத்தாத்தாள்

*

மேட்டு லைன்
7.8.2025

டீச்சரம்மாவுக்கு சந்தனம் எழுதிக்கொண்டது. இருக்கிறேன். சங்கரியின் சுகம் லோகேசு வந்து சொன்னான். அவனை நிறுத்தப் பார்த்தீர்களாம். "எங்க அம்மா அங்க ஒத்தையில கெடக்கு" என்று ஓடி வந்துவிட்டான். கோபிக்க வேண்டாம்.

நினைவு நாள் நடந்தது. பந்தல், சேர், பிளெக்ஸ் எல்லாம் கம்பெனிச் செலவு. பெரியவர்கள் பேசி முடித்த பிறகு இறந்தவர்களின் வீட்டு ஆட்களை ஒவ்வொருவராகப் பூப்போட அழைத்தார்கள். என் முறை வந்தபோது, மைக்கில் ஒரு வார்த்தை சொல்கிறேன் என்றேன். டிஜோ சார், "சேச்சி, ரெண்டு வாக்கு மதி", இரண்டு வார்த்தை போதும் என்று சொல்லிக் கொடுத்தார்.

தாளை எடுத்து வாசித்தேன். மேனேஜர் பெயர், டிஜோ சார் பெயர், எல்லாப் பெயரும். என்ன நாள், என்ன சொன்னார்கள் என்பதோடு. பதினைந்தாவது வந்தபோது தாளை மடித்துவிட்டேன். "பதினைஞ்சு, சந்தனம். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மானம் பாத்து மருமகள அனுப்பல. பதினாறு, எங்க சம்பந்தி. அவங்களுக்கும் தெரியும். அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க" என்று வாயால் சொன்னேன்.

அப்போது முன்வரிசையில் இருந்த ராக்கப்பன் எழுந்தான். பெண்டாட்டியையும் மகளையும் பறிகொடுத்தவன். மூன்று வருடமாக ஒருவரோடும் பேசாதவன். "பதினேழு போடு ஆத்தா. வேலைக்குப் போகாட்டி பேர வெட்டிருவான்னு அவளப் புடிச்சு நிறுத்துனது நாந்தேன்" என்றான். அதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள். மைக் இல்லாமல் இன்னும் நாலு பேர் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. நீங்கள் எழுதினது அப்போதுதான் விளங்கியது.

கல்லை அப்புறம் திறந்தார்கள். அதே சீற்றம்தான்.

நேற்று ஆபீசிலிருந்து ஒரு ஆள் வந்தார். ஆடி முடிந்து, ஆவணி முதல் தேதி சங்கரி வேலைக்கு நிற்க வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் நம்பர் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். முறைப்படி நீங்கள் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். அதை நான் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

மழை விடவில்லை. ஆனால் பின்பக்கத்து ஓடை இரண்டு நாளாக ஓடவில்லை.

சந்தனம்

*

எருத்தேன்பதி
11.8.2025

சம்பந்தியம்மா சந்தனம் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. கடைசி வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும். மழை பெய்யும்போது ஓடை நின்றுபோனால் அந்தத் தண்ணீர் மலைக்குள் தங்குகிறது என்று பொருள். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் எழுதினீர்கள். எனக்கும் இப்போது தெரியும். இந்த முறை எந்தப் பட்டியலிலும் என் பெயரைப் போட விடமாட்டேன்.

இதைத் தபாலில் போடவில்லை. குப்பண்ணன் கையில் கொடுத்து, ஜீப்போடு அனுப்புகிறேன். உடுமலை, மறையூர் வழியாக வந்து சேர இருட்டுவதற்குள் நேரம் இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்துக்கும் ஆள் போயிருக்கிறது. ஓடையைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் வருவதற்காக நீங்கள் அந்த வீட்டில் காத்திருக்கக் கூடாது.

ஆவணி பிறந்தாலும் சிவசங்கரியை அனுப்ப மாட்டேன். திருப்பி அனுப்பாத தாய்வீடு என்று என்னை எஸ்டேட் முழுக்கத் திட்டட்டும். வீடு போகும் என்கிறார்கள். அது வீடு அல்ல, மண்ணுக்குக் கீழே ஓர் இடம். வேண்டுமானால் மேனேஜரே வந்து குடியிருக்கட்டும். லோகேஷுக்கு வேலை தேடுவது, நீங்கள் எங்கே இருப்பது, என் தேங்காய்க் குழம்பை எத்தனை நாள் பொறுப்பது என்பதையெல்லாம் இங்கே வந்து உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்ளலாம். சண்டைக்கு நான் குறை வைக்க மாட்டேன்.

சம்பந்தியை அழைக்கும் முறை இல்லை என்று எழுதியிருந்தேன். இல்லாவிட்டால் போகட்டும். முத்தாத்தாள் சந்தனத்தை அழைக்கிறாள். மருந்தையும் துணியையும் எடுத்துக்கொண்டு, இதைப் படித்து முடித்தவுடன் ஏறுங்கள். பதில் எழுத வேண்டாம்.

ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்தால் பத்துப் பேர் வரலாம். மற்ற மூன்று வீட்டுக்காரர்களின் பெயர் எனக்குத் தெரியாது. அவர்கள் எனக்கு உறவும் இல்லை. கேட்டால், நான் அழைத்தேன் என்று சொல்லுங்கள்.

முத்தாத்தாள்